செக்கிங் அக்கா கடல் பார்க்கப் போன கதை

பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில் போய்த் தனக்கோடி வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். செக்கிங் அக்கா வீடு என்று கேளுங்கள், டீக்கடைக்காரர் கரண்டியாலேயே வழி காட்டுவார். காட்டிவிட்டு, உள்ளே போகும்போது ஒன்றுமில்லை, வெளியே வரும்போது பையைத் திறந்து காட்டிவிட்டு வாருங்கள் என்று ஒரு கிண்டலும் சேர்த்துக்கொள்வார்.

கிண்டலில் பொய்யில்லை. ஓசூர் ரோட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற ஒரு கம்பெனியில், பெண்கள் வெளியே வரும் வாசலில் தனக்கோடிக்கு வேலை. சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, காலில் கம்பெனி கொடுத்த ஷூ. சாயங்கால மணி அடித்ததும் பெண்கள் வரிசை கட்டுவார்கள். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டி, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நிற்பாள். தனக்கோடியின் கை தோளில் ஆரம்பித்து விலாவில் இறங்கி இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி முழங்காலில் முடியும். நூல்கண்டு, ஜிப், காலரில் தைக்கிற லேபிள், ஒரு தடவை மடித்துச் சுருட்டி ஜடைக்குள் வைத்துப் பின்னிய ஒரு குழந்தைச் சட்டை, எதுவும் அந்தக் கையைத் தாண்டிப் போனதில்லை.

கண்ணை நம்பவே மாட்டாள். கண்ணுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே ஏமாற்றிவிடுவார்கள், கையை ஏமாற்ற முடியாது என்பாள். அந்தக் கை இன்னொன்றும் கண்டுபிடிக்கும். எந்தப் பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளை நிற்கிறது என்பது புருஷனுக்கு அடுத்தபடி தனக்கோடிக்குத்தான் தெரியும். சில சமயம் புருஷனுக்கும் முன்னால். வயிறு வளர்கிறதென்று தெரிந்தால் ஆபீசில் காதோடு காதாகச் சொல்லிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அவள் சொன்னாள். அந்தப் பெண்கள் கொஞ்ச நாளில் வேலையிலிருந்து நின்றுபோனார்கள். நாம் வாங்கும் சம்பளத்துக்கு நாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அதில் அவளுக்குத் தூக்கம் கெட்டதாகச் சரித்திரம் இல்லை.

வாசலில் இருக்கிற புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது, அதுதான் வம்பு. பால் பாக்கெட்டைக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவாள். சிலிண்டர்காரன் போகும் வரை கண்கொத்திப் பாம்பாக நிற்பாள். கோயிலில் பொங்கல் ஒரு கரண்டி கூட விழுந்துவிட்டால், எனக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு என்று பூசாரி முகத்தைப் பார்ப்பாள். அவள் புருஷன் சின்னப்பா அதே கம்பெனி கேன்டீனில் டீ போட்டு ரிட்டயர் ஆனவர், சாது. இருபது வருஷமாகச் சட்டைப் பையில் எதையும் வைத்துக்கொள்ளாமல் வாழப் பழகிக்கொண்டார்.

பழகிக்கொள்ளாதது மகள் விஜிதான். அவளும் அதே கம்பெனியில் தைத்தாள். மற்றவர்களை ஒரு தடவை தடவினால் மகளை இரண்டு தடவை தடவுவாள் தனக்கோடி. சொந்தப் பெண்ணை விட்டுவிட்டாள் என்று நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதாம். வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க விஜி கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள், முகம் செத்துப்போயிருக்கும். அப்படி நின்றவள் ஒரு நாள் வேலைக்கும் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. கம்பெனி வேன் ஓட்டிக்கொண்டிருந்த உமேஷ் என்கிற கடற்கரைப் பையனை ஆனேக்கல் ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு, கும்டா பக்கத்தில் அவன் ஊருக்கே போய்விட்டாள். செக்கிங் அக்கா கேட்டைத் தாண்டிப் போன ஒரே சரக்கு அவள் பெண்தான் என்று கம்பெனி பூரா சிரித்தது. தனக்கோடி அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது அழுதாள்.

மூன்று வருஷம் ஒரு பேச்சில்லை. அப்புறம் வீட்டுக்கார அம்மா வீட்டுக்கு ஒரு நாள் போன் வந்தது. விஜி.

"ஆயுத பூஜைக்கு நாலு நாளு லீவு தானேம்மா. அப்பாவக் கூட்டிக்கினு வா. ரெண்டு ரூமு கட்டி டூரிஸ்டுக்கு விடறோம். ஒரு ரூமு உங்களுக்கு வெச்சிருக்கேன். கடலைப் பாத்துட்டுப் போவீங்க."

போனை வைத்ததிலிருந்து தனக்கோடிக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று வருஷம் இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து வந்தது? சந்தாபுராவில் தன் பேரில் இருக்கும் கையகல மனைக்குக் குறியா? மாப்பிள்ளை அடிக்கிறானா, நேரில் சொல்லி அழக் கூப்பிடுகிறாளா?

"பொண்ணு கூப்புட்டா, போறோம். இதுல இன்னா இருக்குது?" என்றார் சின்னப்பா.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எதுலயுமே உங்களுக்கு ஒண்ணும் இல்ல," என்றாள்.

மனதுக்குள் ஒரே ஒரு முடிவோடுதான் கிளம்பினாள். போய்ப் பார்ப்பது, அவள் நன்றாக இல்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது. நன்றாக இருந்தால்? அதை அவள் யோசிக்கவில்லை. உள்ளுக்குள் ஆசை மட்டும் இருந்தது, மகள் ஒரு தடவை பழைய மாதிரி வந்து தோளில் சாய மாட்டாளா என்று. அதை யாரிடமும் சொல்லவில்லை, அவளுக்கே அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சம்.

மெஜஸ்டிக்கில் பஸ் ஏறி, விடிந்து வெகு நேரம் கழித்துக் கும்டாவில் இறங்கினார்கள். உமேஷ் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நின்றான். "பன்னி அத்தே, வாங்க மாவா," என்று கன்னடத்தில் ஒரு வாங்க, தமிழில் ஒரு வாங்க சொல்லிப் பையை வாங்கக் கை நீட்டினான். தனக்கோடி பையைக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

ஊர் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் இருந்தது. ஒரு பக்கம் அகநாசினி ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் தென்னந்தோப்பு. ஓட்டு வீட்டையொட்டிப் புதிதாகக் கட்டிய இரண்டு ரூம். வாசலில் விஜி நின்றாள். தொளதொளவென்று ஒரு நைட்டி, அந்தப் பக்கத்துப் பெண்களைப் போல மேலே ஒரு துண்டு. முகம் சதை போட்டிருந்தது. தனக்கோடி வேகமாகப் போய்க் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள். விஜி ஒரு அடி பின்னால் வைத்து, இடுப்புயரத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீரை நடுவில் நீட்டினாள்.

"கால் கழுவிக்கினு உள்ள வாம்மா."

தனக்கோடி சொம்பை வாங்கிக்கொண்டாள். மூக்கில் வியர்த்துவிட்டது. இந்தப் பெண் எதையோ மறைக்கிறாள். சொம்பைப் பிடித்த விதத்திலேயே அது தெரிந்துவிட்டது. கேட்டில் சரக்கை மறைத்துக்கொண்டு வருகிறவளும் இப்படித்தான் டிபன் டப்பாவை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வருவாள்.

பக்கத்து ரூமில் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு ஜோடி வந்திருந்தது. தாரணி, ராஜேஷ்குமார், இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. சேலம் பக்கத்துத் தமிழ்தான். ஆன்ட்டி, அங்கிள் என்று ஒட்டிக்கொண்டார்கள். உமேஷ் நாலு பேரையும் ஒரே படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. விஜி வரவில்லை.

"நீ வாடி," என்றாள் தனக்கோடி.

"எனக்குச் சமையல் வேலை கெடக்குதும்மா."

மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்றாலே அதில் கால் வைக்காமல் வர மாட்டாள் விஜி. அவளா கடலை வாசலில் வைத்துக்கொண்டு சமையல் வேலை என்கிறாள்? போகக் கூடாதென்று சொல்லி வைத்திருக்கிறார்கள் என்று தனக்கோடி முடிவு கட்டினாள்.

படகு ஆற்றைத் தாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டியதும் தாரணி "டால்பின், டால்பின்" என்று எழுந்து நின்றாள். கறுப்பாக இரண்டு முதுகு வளைந்து எழும்பி மறுபடி உள்ளே போனது. சின்னப்பா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். தனக்கோடி தண்ணீரைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"டெய்லி இதே எடத்துலதான் வருதா?"

"ஜாஸ்தி இங்கதான் அத்தே."

"இன்னா போட்டுப் பழக்கி வெச்சிருக்க?"

உமேஷுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் துடுப்பை விட்டுவிட்டுச் சிரித்தான். "அய்யோ அத்தே, அதுக்கு நான் யாருன்னே கொத்தில்லா, தெரியாது." படகு மொத்தமும் சிரித்தது, சின்னப்பாவும் சேர்ந்து. தனக்கோடி சிரிக்கவில்லை. சிரிக்க வைத்துப் பேச்சை மாற்றுகிற ஆட்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

மத்தியானம் மிர்ஜான் கோட்டைக்குப் போனார்கள். சுவரெல்லாம் பச்சைப் பாசி, படிக்கட்டு இறங்கி இருட்டுக்குள் போகிற வழிகள். சின்னப்பாவும் அந்த ஜோடியும் ஒரு வழியில் இறங்கி வேறு வழியில் ஏறி வந்து கை தட்டினார்கள். தனக்கோடி வாசலைத் தாண்டவில்லை. உள்ளே போகிற வழியை விட வெளியே வருகிற வழி அதிகமாக இருக்கிற கட்டிடத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. கல்லில் உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் நோண்டினாள்.

"விஜிக்கு இங்க ஒத்துக்குதா?"

"ஒத்துக்குது அத்தே."

"தண்ணி யாரு எறைக்கறது?"

"நான்தான். அவள பிந்திகே தூக்க விடறதில்ல."

குடத்தைக் கூடத் தூக்க விடுவதில்லையாம். இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் இருந்தால் அவனிடம் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். கிணற்றடிக்குக் கூட அவளைத் தனியே அனுப்பாமல் வைத்திருக்கிறான் என்றுதான் தனக்கோடிக்கு அது கேட்டது.

மறுநாள் காலை ஆற்றில் தண்ணீர் இறங்கியதும் சேறு மேடு மேடாகத் தெரிந்தது. ஊர்ப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்கினார்கள். தாரணி ஜீன்ஸை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு இறங்கினாள். தனக்கோடியும் இறங்கினாள். இங்கேதான் அவள் அசந்துபோனது. சேற்றுக்குள் கையை விட்டால் விரல் தானாக மட்டியைக் கண்டுபிடித்தது. கல் எது, வெறும் ஓடு எது, உயிருள்ளது எது என்று பார்க்காமலேயே தெரிந்தது. பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி அவள் கூடையைப் பார்த்து, உங்களுக்கு எந்த ஊர், எந்தக் கடல் என்று கன்னடத்தில் கேட்டாள். பெங்களூர் என்றதும் நம்பவில்லை. கொஞ்ச நேரம் தனக்கோடி எல்லாவற்றையும் மறந்து, வெயில் முதுகில் அடிப்பது தெரியாமல், சின்னப் பெண் மாதிரி பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

நிமிர்ந்தபோது கரையில் விஜி நின்றாள். ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளைப் பிடித்தபடி மாமியார் லட்சுமம்மா. தனக்கோடி கையாட்டி, "எறங்கி வாடி," என்று கூப்பிட்டாள். விஜி காலை எடுத்து வைக்கப் போனாள். லட்சுமம்மா காதில் ஏதோ சொன்னாள். விஜி திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

தனக்கோடி கூடையைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள்.

இந்த லட்சுமம்மாவை வந்த அன்றே அவள் குறித்து வைத்துவிட்டாள். அதிகம் பேசாத கிழவி. சாயங்காலம் விளக்கு வைத்ததும் விஜியை உள் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துகிறாள். அரை மணி நேரம் சத்தமே வருவதில்லை. கதவு திறக்கும்போது விஜி கண் சிவந்து, தலை கலைந்து வருகிறாள். நேற்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். தனக்கோடி கதவுக்கு வெளியே காதை வைத்துப் பார்த்தாள். கிழவி கிசுகிசுவென்று ஏதோ சொல்வதும், விஜி "ஆ" என்று ஒரு தடவை முனகுவதும் கேட்டது. அன்று வாயில் வைத்த சோறு இறங்கவில்லை. அவள் பொறுக்கிய மட்டியைத்தான் தேங்காய் போட்டு வைத்திருந்தார்கள், அதன் ருசி கூடத் தெரியவில்லை.

"பொண்ண வெச்சி ஏதோ பண்றாங்க," என்றாள் சின்னப்பாவிடம்.

"நல்லாத்தானே இருக்கா. உடம்பு கூடப் போட்டிருக்கா."

"அடிச்சா வீங்கத்தான் வீங்கும்."

சின்னப்பா கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கரையில் பெரிய வலை இழுத்தார்கள். ரம்பணி என்று அதற்குப் பேர். கடலுக்குள் அரை வட்டமாக வலையை விட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையிலிருந்து ஊரே சேர்ந்து இழுக்கும். ஆண், பெண், கிழம், வந்த டூரிஸ்ட், யார் வேண்டுமானாலும் கயிற்றைப் பிடிக்கலாம். ராஜேஷ்குமார் கேமராவைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றில் தொங்கினான். சின்னப்பா சட்டையைக் கழற்றிவிட்டார். வலை கரைக்கு வந்ததும் மீன் வெள்ளி வெள்ளியாகத் துள்ளியது. ஆளாளுக்குக் கூடையிலும் துண்டிலும் அள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

தனக்கோடி பதறிவிட்டாள். "யாரு செக் பண்றது? அவன் பாட்டுக்கு அள்ளிக்கினு போறான்."

"எதுக்கு அத்தே செக்கிங்கு? கயிறுமேல கை வெச்சா பங்கு உண்டு," என்றான் உமேஷ்.

"கை வெக்காதவன் எடுத்துக்கினு போனா?"

"போனா போறான். பசிச்சிருக்கும்."

இப்படி ஒரு ஊர் இருக்க முடியுமா? ஒன்று இவர்கள் எல்லோரும் பைத்தியம், இல்லை தன்னிடம் நடிக்கிறார்கள். ஆனால் அவளுக்கு வேறு ஒன்று உறைத்தது. ஊரே கரையில் இருக்கிறது. லட்சுமம்மாவும் மீன் தரம் பிரித்துக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். விஜி கடைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் ஈ காக்கா இல்லை.

மெல்ல நழுவினாள். நேராக உள் ரூம். கட்டிலுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி, பூட்டுக் கிடையாது. கையை உள்ளே விட்டாள். மேலே சேலைகள். நடுவில் ஒரு பாட்டில், ஏதோ மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அதற்குக் கீழே மெத்து மெத்தென்று ஏதோ பட்டது. வெளியே எடுத்தாள். பழைய பருத்திச் சேலையைச் சதுரம் சதுரமாகக் கிழித்து, துவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்திருந்தார்கள். கை துடைக்கிற கந்தல். என் பெண்ணின் பெட்டியில் கந்தலா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

"கெடச்சுதாம்மா?"

நிலைப்படியில் விஜி. கையில் கடைப் பை.

எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்தவள், பிடிபட்டால் எப்படி நிற்க வேண்டும் என்று தெரியாமல் நின்றாள். அப்புறம் குரலை உயர்த்திக்கொண்டாள்.

"அந்தக் கெழவி தெனம் கதவச் சாத்திக்கினு உன்ன இன்னாடி பண்றா? அடிக்கறாளா? சொல்லு. இப்பவே கூட்டிக்கினு போயிடறேன்."

"எண்ணெ தேச்சி விடறாங்க. இடுப்பு வலிக்குதுன்னு. தேச்சதும் அப்படியே தூங்கிடறேன்."

"நீ ஏன் படகுல வரல? ஏன் சேத்துல எறங்கல? மூணு நாளா எங்கிட்ட வராம ஓடற. இன்னா மறைக்கற?"

விஜி உள்ளே வரவில்லை. பையைக் கீழே வைத்தாள்.

"பியாட்ரிஸ் ஞாபகம் இருக்காம்மா?"

தனக்கோடிக்கு இல்லாமலா. விஜிக்குப் பக்கத்து மிஷினில் தைத்தவள், சந்தாபுராவிலிருந்து வருவாள். புருஷன் விட்டுவிட்டுப் போன பெண். ஒரு நாள் இடுப்பைச் சுற்றும்போது தனக்கோடியின் கை நின்றது. பியாட்ரிஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அக்கா, பொங்கல் வரைக்கும் சம்பளம் வாங்கிக்கறேன், சொல்லிடாதீங்க என்றாள். மறுநாள் தனக்கோடி ஆபீசில் சொல்லிவிட்டாள்.

"அது என் வேல," என்றாள் தனக்கோடி.

"உன் வேலதான். நான் தப்பு சொல்லல. அன்னிக்கி ராத்திரி உங்கிட்ட எவ்ளோ கேட்டேன், நீ சாப்புட்டுப் படுத்துட்ட. நான் அப்பவே மனசுக்குள்ள வீட்ட விட்டுப் போயிட்டேன்ம்மா. உமேஷெல்லாம் அப்புறம்தான்." அவள் குரல் ஏறவில்லை. "உன் கை எதையும் உள்ள விட்டு வெக்காது. வெளிய எடுத்தே பழக்கம். போன வருஷம் எனக்கு ஒரு கஷ்டம் வந்துது. ஒரு வாரம் படுத்துக் கெடந்தேன். உனக்குப் போன் பண்ணணும்னு தோணிச்சு. உன் கை ஞாபகம் வந்துது, பண்ணல."

என்ன கஷ்டம் என்று தனக்கோடி கேட்கவில்லை. பிள்ளை தங்காமல் போனதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். கை துடைக்கிற துணி இவ்வளவு மெத்தென்று இருக்காது, பச்சைப் பிள்ளைக்குக் கட்டுகிற துணி இது. எண்ணெய், குடம், படகு, சேறு, சொம்பு, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கண்ணை நம்பாதே என்று ஊருக்குச் சொன்னவள், கை படாததால் கண்ணெதிரே நின்றதைக் கூடப் பார்க்காமல் மூன்று நாள் சுற்றியிருக்கிறாள்.

அவள் கை தன்னால் மகளை நோக்கி நீண்டது. விஜி சட்டென்று துண்டை இழுத்து மூடிக்கொண்டு நகர்ந்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, பயத்தில் செய்தாள். அது தெரிந்ததுதான் தனக்கோடிக்குத் தாங்கவில்லை.

"நானா சொல்றப்ப தெரிஞ்சிக்கோம்மா," என்று சொல்லிவிட்டு விஜி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தனக்கோடி துணிகளை இருந்தபடியே மடித்து, எண்ணெய்ப் பாட்டிலை வைத்து, சேலைகளை மேலே அடுக்கினாள். கரைக்குத் திரும்பிப் போய் மணலில் உட்கார்ந்தாள். பியாட்ரிஸ் என்ன ஆனாள் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட யாரையும் கேட்டதில்லை. எந்தப் பிள்ளை பிறந்தது, எங்கே பிறந்தது, எதுவும் தெரியாது. உள்ளங்கை சுடுகிற மாதிரி இருந்தது, மணலில் வைத்து அழுத்திக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வலை விட்டிருந்தார்கள். கயிறு அவள் முன்னால் போயிற்று. லட்சுமம்மா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, பிடி என்று தலையாட்டினாள். தனக்கோடி பிடித்தாள். வலை வந்ததும் அவள் மடியில் ஒரு கை மீனைப் போட்டாள் கிழவி. சிவாஜிநகர் மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீன் வாங்காதவள், பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உடம்பு சரியில்லையா தனம்?" என்று கேட்டார் சின்னப்பா, நிஜமாகவே கவலையோடு.

கிளம்புகிற நாள் சாயங்காலம் கும்டா பஸ் ஸ்டாண்டுக்கு விஜியும் வந்தாள். ஆட்டோவில் மெதுவாகப் போகச் சொல்லி உமேஷ் வழியெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டு வந்தான். கருவாடு, தேங்காய், ஒரு டப்பா நிறைய மட்டி ஊறுகாய் என்று லட்சுமம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். தனக்கோடி எதையும் திறந்து பார்க்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அவள் மகளிடம் அதிகம் பேசவும் இல்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றாள்.

பஸ் வந்து நின்றது. சின்னப்பா மாப்பிள்ளையோடு மூட்டையை ஏற்றப் போனார். விஜி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி நின்றாள். கேட்டில் நிற்பது போலவே, கால் கொஞ்சம் அகட்டி, முகம் நேராக. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்தாம்மா. பாத்துக்கோ. இல்லன்னா பெங்களூரு வரைக்கும் அதையே நெனச்சிக்கினு போவ."

தனக்கோடியின் கை பழக்கத்தில் எழுந்துவிட்டது. மகளின் தோள் வரை போயிற்று. அங்கேயே நின்றது. அப்படியே கையோரமாகப் போய், மகளின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள். துண்டை எடுத்து அவளே மகளுக்குப் போர்த்தினாள், விரல் உடம்பில் படாமல்.

"வேணாம். நீ சொல்றத நம்பறேன்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியேம்மா."

"அதையும் நம்பறேன்," என்றாள் தனக்கோடி. பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பும்போது விஜி ஜன்னலுக்குக் கீழே வந்தாள். கம்பியைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்மேல் தன் கையை வைத்தாள். மூன்று வருஷத்தில் அவளாக வந்து தொட்டது இதுதான் முதல் தடவை.

"தையில நான் அங்க வரேன்ம்மா. மூணு மாசம் இருப்பேன். நம்ம வூட்டு உள் ரூம காலி பண்ணி வை."

தனக்கோடி தலையை ஆட்டினாள். பஸ் திரும்பி, விஜி மறைந்து, ஊரும் தென்னை மரமும் பின்னால் போன பிறகும் கம்பியிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை.

"மூணு மாசமா?" என்றார் சின்னப்பா, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "மூணு மாசம் எதுக்கு வர்றாளாம்? மாப்பிள்ளையோட ஏதாச்சும் தகராறா? எனக்கு என்னமோ சந்தேகமா இருக்குது தனம்."

"பொண்ணு அம்மா வூட்டுக்கு வர்றதுக்கு எதுக்குன்னு ஒரு கேள்வியா? பேசாம வாங்க," என்றாள் தனக்கோடி.